பீல் புதையல் சங்கேதம்: எந்தப் பக்கமிருந்து கை வைப்பது?

ஆறு மாத மாலை நேரம், ஒரு சாதாரண மடிக்கணினி, ஓரளவு ஆங்கிலம், கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி. இவ்வளவை வைத்துக்கொண்டு தீராத புதையல் சங்கேதம் ஒன்றில் இறங்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. எந்தச் சங்கேதம்? அதை எந்த வழியில் தாக்குவது? பெரும்பாலானோர் முதல் கேள்வியிலேயே களைத்துவிடுகிறார்கள். இரண்டாவதற்குத் தவறான பதிலைப் பிடித்துக்கொண்டவர்கள் இருபது, முப்பது வருடங்களைக் கரைத்திருக்கிறார்கள்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். புதையல் சங்கேதம் என்றதும் அடிபடும் பெயர்கள் மூன்று: ஓக் தீவு, லா பூஸ், அமெரிக்காவின் பீல்.

கனடாவின் ஓக் தீவுக் கல்லை விட்டுவிடுங்கள். 1804ல் 90 அடி ஆழத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கல் இன்று எங்கும் இல்லை. அதில் இருந்ததாகக் காட்டப்படும் குறிகள் முதன்முதலில் அச்சில் வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். அவை வெறும் எழுத்து மாற்றுக் குறிகள். பள்ளிப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் அவிழ்த்து, 'நாற்பது அடிக்குக் கீழே இருபது லட்சம் பவுண்டு புதைந்திருக்கிறது' என்று படித்துவிடும். அவிழ்க்க ஒன்றும் மிச்சமில்லை. சோதிக்கக் கல்லும் இல்லை.

லா பூஸ் என்ற கடற்கொள்ளையன் ஒலிவியே லெவசெர் விட்டுச் சென்றதாகச் சொல்லும் குறிப்பு வேறு ரகம். 1721ல் போர்த்துக்கீசியக் கப்பல் நோசா செஞ்ஞோரா டோ காபோவைக் கொள்ளையடித்தவன், 1730 ஜூலை 7 அன்று ரியூனியன் தீவில் தூக்கிலேறும்போது கூட்டத்தை நோக்கி ஒரு தாளை வீசினான் என்பது கதை. அந்த 17 வரிக் குறிப்பு வெளியுலகுக்கு வந்தது 1934ல், இருநூறு வருடம் கழித்து. கட்டங்களையும் புள்ளிகளையும் கொண்ட பன்றிப்பட்டி வகைச் சங்கேதம் அது, சாவி தெரிந்ததே. அவிழ்த்தால் பிழை மலிந்த பிரெஞ்சில் ஒரு ஜோடிப் புறா, ஒரு கரண்டி தேன், ஒரு பெண், ஒரு நாய் என்று வருகிறது. நாட்டு வைத்தியக் குறிப்போ, மாந்திரீகக் குறிப்போ போல இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சும் தீவுகளின் கலப்பு மொழியான கிரியோலும் தெரிந்தவருக்கு இது நல்ல வேலை. மற்றவர்களுக்கு அகராதியோடு மல்லுக்கட்டுவதில்தான் முடியும்.

மீதி இருப்பது பீல். சங்கேதமாகவே இன்னும் தீராமல் நிற்பது இது ஒன்றுதான், வேலை முழுவதும் மேசையிலேயே நடக்கும், சரிபார்க்க ஒரு விடையும் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆகவே இரண்டாவது கேள்விக்கு, அதாவது எந்த வழி என்பதற்குத்தான் யோசிக்க வேண்டும்.

கையில் இருப்பது என்ன

1885ல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் ஊரில் 50 சென்ட் விலைக்கு ஒரு சிறு நூல் வந்தது. ஜேம்ஸ் பி. வார்ட் என்பவர் அதை வெளியிட்டார். எழுதியவர் பெயர் இல்லை. தாமஸ் ஜே. பீல் என்பவரும் கூட்டாளிகளும், மொத்தம் முப்பது பேர், சாந்தா ஃபேவுக்கு வடக்கே தங்கமும் வெள்ளியும் வெட்டியெடுத்து பெட்ஃபோர்ட் கவுண்டியில் புதைத்தார்கள். 1822ல் பீல் ஓர் இரும்புப் பெட்டியை விடுதிக்காரர் ராபர்ட் மோரிஸிடம் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1845ல் மோரிஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே எண்களால் நிறைந்த மூன்று தாள்கள். இதுதான் நூல் சொல்லும் கதை.

முதல் தாள் (இடம்) 520 எண்கள். இரண்டாம் தாள் (என்ன புதைந்திருக்கிறது) 762 எண்கள். மூன்றாம் தாள் (பங்காளிகள், உறவினர்கள்) 618 எண்கள். இரண்டாம் தாள் மட்டும் அவிழ்ந்திருக்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களுக்கு வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் இரண்டு தவணையாகச் சேர்ந்து 2921 பவுண்டு தங்கம், 5100 பவுண்டு வெள்ளி, 13,000 டாலர் மதிப்பில் நகைகள், பூஃபோர்டுக்கு நாலு மைல் தள்ளி, தரைக்கு ஆறு அடி கீழே என்று வருகிறது. தங்கமும் வெள்ளியும் மட்டுமே மூன்றரை டன்னுக்கு மேல். ஆசை வராமல் என்ன செய்யும்?

எந்த வழியில் போனாலும் முதல் வாரம் இதற்குத்தான்

இரண்டாம் தாளை நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். விடை தெரிந்த கணக்கைப் போடுவது எதற்கு என்று தோன்றும். உங்கள் நிரல் சரியா, உங்கள் எண் பட்டியல் சரியா என்று பார்க்க வேறு அளவுகோல் கிடையாது. இணையத்தில் உலவும் படிகளில் எண்கள் அங்கங்கே மாறுகின்றன. இரண்டாம் தாளுக்கு 762 என்றும் 763 என்றும் இரண்டு கணக்கு உண்டு. 1885 நூலின் படப்பிரதியோடு ஒவ்வோர் எண்ணையும் ஒத்துப்பார்ப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொடக்கம் 115, 73, 24, 807, 37, 52, 49, 17, 31, 62. பிரகடனத்தில் 115ஆவது சொல் 'இன்ஸ்டிட்யூட்டட்', ஆகவே ஐ. 73ஆவது 'ஹோல்ட்', எச். 24ஆவது 'அனதர்', ஏ. இப்படியே போனால் 'ஐ ஹேவ் டெபாசிட்டட்' என்று ஓடும். 115ல் 'இன்ஸ்டிட்யூட்டட்' வராமல் 'அமங்' வந்தால், 'செல்ஃப்-எவிடென்ட்' என்பதை ஒரே சொல்லாக எண்ணிவிட்டீர்கள் என்று பொருள். பீல் (அல்லது பீல் பெயரில் எழுதியவர்) அதை இரண்டாக எண்ணினார்: 78, 79. ஒட்டுக்குறிச் சொற்களை இரண்டாக எண்ணும் இந்தப் பழக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏறத்தாழ 480 வரை பெரிய சிக்கல் இல்லை. அதன் பிறகு, அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் இன்றைய பிரகடன உரையை அப்படியே போட்டால் விடை குழம்பிவிடும். காரணம், அந்த இடத்தில் எண்ணிக்கை பத்துச் சொல் பிசகியிருக்கிறது. மற்ற சில இடங்களிலும் ஒரு சொல் கூடியோ குறைந்தோ போயிருக்கிறது. 811 எப்போதும் ஒய் என்ற எழுத்துக்கு நிற்கிறது. அங்கே இருக்கும் சொல் 'ஃபண்டமென்டலி', எஃப்பில் தொடங்கி ஒய்யில் முடிவது. எக்ஸுக்கு 1005. அங்கே இருப்பது 'ஹேவ்'.

இந்தப் பிழைகளை எரிச்சலோடு கடந்துபோகிறவர்கள் உண்டு. உண்மையில் இவைதான் நமக்குக் கிடைத்த பெரிய துப்பு. சங்கேதம் எழுதியவர் எப்படி எண்ணினார், எங்கே தவறினார், எழுத்து கிடைக்காதபோது என்ன செய்தார் என்பதெல்லாம் இங்கே தெரிகிறது.

வழி ஒன்று: சாவி நூலைத் தேடுவது

எல்லோரும் முதலில் போகும் வழி. முதல் தாளுக்கும் ஏதோ ஒரு நூல் சாவி. அதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம். இதில் நியாயம் இருக்கிறது. சரியான சாவி கிடைத்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது, ஐந்நூறு எழுத்தும் தானாகப் பேசும்.

முதல் தாளின் பெரிய எண் 2906. பிரகடனத்தில் சுமார் 1320 சொற்கள்தான். 2906 அச்சுப்பிழை என்றே வைத்துக்கொள்வோம்; 1629, 1701, 1780, 2018, 2160 என்று இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஆகவே சாவி இரண்டாயிரத்துக்கு மேல், 2906ஐ நம்பினால் மூவாயிரத்தை ஒட்டி, சொல் உள்ள உரை. கதை உண்மையானால் அது 1822க்கு முன் அச்சானது. 1823 டிசம்பரில் வந்த அமெரிக்க அதிபர் மன்ரோவின் அறிவிப்பெல்லாம் கணக்கில் வராது. கதை பொய்யானால் எல்லை 1885 வரை நீளும்.

மின்னூல் களஞ்சியங்களிலிருந்து இந்தக் காலத்து நூல்களை ஆயிரக்கணக்கில் இறக்கலாம். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் உரிமக் குறிப்புகளை வெட்டியெறியுங்கள். இல்லையென்றால் எண்ணிக்கை முதல் சொல்லிலேயே பிசகும். தலைப்பிலிருந்து எண்ணினாரா, முன்னுரையிலிருந்தா, இரண்டாம் அத்தியாயத்திலிருந்தா என்று தெரியாததால் ஒவ்வொரு சொல்லையும் தொடக்கமாக வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் சொல் உள்ள நூலுக்கு ஏறக்குறைய 97,000 தொடக்கங்கள். தொடக்கத்துக்கு 520 எண்கள். மொத்தம் ஐந்து கோடி தேடல். கணினிக்கு இது பெரிய பாரமில்லை.

சிக்கல் மதிப்பெண்ணில் இருக்கிறது. வழக்கமாக எல்லோரும் நான்கெழுத்துச் சேர்க்கைகளின் புள்ளிவிவரத்தை வைத்து, கிடைத்த வரிசை ஆங்கிலம் போல இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சாவியில் பத்துச் சொல் பிசகினால் இந்த அளவுகோல் குப்புற விழும். ஐந்து எழுத்துக்கு ஒன்று தவறாக வந்தாலே நான்கெழுத்துத் தொடர்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போகும். சரியான நூல் கையில் கிடைத்தும் கவனிக்காமல் போக இதுவே போதும்.

இதைவிட முரட்டுத்தனமான ஆனால் உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலச் சொற்கள் டி (T), ஏ, ஓ, டபிள்யூ ஆகியவற்றில் அதிகம் தொடங்கும். ஈ, என், ஆர் ஆகியவற்றில் குறைவாகத் தொடங்கும். மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு ஏழு என்ற அளவில்தான் வரும். ஆனால் எழுதப்படும் செய்தியிலோ இந்த மூன்று எழுத்தும் நூற்றுக்கு இருபத்தைந்து. தவறான நூலைப் போட்டால் 520ல் முப்பத்தைந்து, நாற்பது இடங்களில் ஈ, என், ஆர் வரும். சரியான நூலைப் போட்டால் 130ஐ ஒட்டி வரும். நடுவில் எண்ணிக்கை பிசகியிருந்தாலும் நூறுக்குப் பக்கத்தில் நிற்கும், ஏனென்றால் எண்களில் பெரும்பகுதி சிறியவை, பிசகுக்கு முன்னால் இருப்பவை. கோடிக்கணக்கான தொடக்கங்களை ஓட்டும்போது தற்செயலாகவே எழுபது வரை எட்டும் சில வரும். அதற்கு மேல் போனால் மட்டும் நிறுத்தி, கண்ணால் பாருங்கள். முறை வேலை செய்கிறதா என்பதை இரண்டாம் தாளில், பிழை திருத்தாத பிரகடனத்தை வைத்தே சோதித்துக்கொள்ளலாம்.

நான்கெழுத்து மதிப்பெண்ணுக்குக் கட்டுப்பாட்டுச் சோதனையாக எண்களின் வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டுவார்கள். ஈ, என், ஆர் சோதனைக்கு அது உதவாது; வரிசை கலைந்தாலும் எழுத்துகளின் தொகை மாறாதே. அதற்கு வேறு நூல்கள்தான் கட்டுப்பாடு.

இந்த வழியில் எங்கே கெடுகிறது? பதிப்பில். அந்தக் காலத்து நூலில் 'எனி பாடி' இரண்டு சொல், மின்னூலில் ஒரு சொல். மறுபதிப்பில் ஒரு வாக்கியம் போயிருக்கும். இதற்காகத் தளர்வு கொடுக்கத் தொடங்குவார்கள்: எண்ணிக்கை ஐந்து சொல் முன்பின் இருக்கலாம், முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்தாக இருக்கலாம், சொல்லுக்குப் பதில் வரியை எண்ணியிருக்கலாம். ஒவ்வொரு தளர்வும் தேடும் பரப்பைப் பல மடங்காக்கும், அதோடு போலித் தீர்வுகளையும். இரண்டாம் தாளில் கண்ட பிசகுகள் ஐந்தாறு இடங்களில்தான். அதற்கு மேல் தளர்வு கேட்கும் நூலை ஒதுக்கிவிடுவது நல்லது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆயிரம் நூல்களுக்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் உங்களுக்குத் தெரிந்தது என்ன? அந்த ஆயிரம் நூல்கள் இல்லை என்பது மட்டும்தான். மோரிஸுக்கு எழுதிய ஒரு கடிதமே சாவியாக இருந்திருந்தால்? 1832 ஜூனில் ஒருவர் சாவியை அனுப்புவார் என்றுதான் பீலின் கடிதம் சொல்கிறது. அது வரவே இல்லை. இந்த வழியின் குறை இதுதான்: தோல்வி எதையும் நிரூபிக்காது.

வழி இரண்டு: சாவியில்லாமல் கணினியால் உடைப்பது

செய்தித்தாள்களுக்குச் சங்கேதம் அனுப்பிய ஸோடியாக் என்ற அமெரிக்கக் கொலைகாரனின் 340 குறிச் சங்கேதத்தை 2020 டிசம்பரில் மூன்று பேர் உடைத்தார்கள்: டேவிட் ஒரான்சாக், சாம் பிளேக், யார்ல் வான் ஐக்கே. யார்ல் எழுதிய ஏஇசட்டிக்ரிப்ட் மென்பொருள் இலவசம். அதில் பீலின் எண்களைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு.

கணக்கைப் பாருங்கள். ஸோடியாக்கின் 408 குறிச் சங்கேதத்தில் வேறுபட்ட குறிகள் 54. ஒரு குறி சராசரியாக ஏழெட்டு முறை வருகிறது. 340ல் குறிகள் 63, சராசரி ஐந்து முறைக்குச் சற்று மேல். பீலின் முதல் தாளில் 520 எண்களில் வேறுபட்டவை முந்நூறை ஒட்டி. அதாவது ஓர் எண் இரண்டு முறைகூட வருவதில்லை. மென்பொருள் ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்தை ஊகித்தால், அந்த ஊகம் சரியா என்று சொல்ல வேறு இடமே கிடையாது. முந்நூறு எண்களில் பாதிக்கு மேல் எந்த எழுத்தை வேண்டுமானாலும் வைத்து அழகான ஆங்கிலம் செய்யலாம். மென்பொருள் அதைத்தான் செய்யும். ஒரு மணி நேரம் ஓடவிட்டால் வாக்கியம் போன்ற ஒன்று வரும். மறுபடி ஓடவிட்டால் முற்றிலும் வேறு வாக்கியம் வரும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் முதலில் இரண்டாம் தாளைக் கொடுத்துப் பாருங்கள். அதில் ஓர் எண் சராசரியாக நான்கு முறை வருகிறது, விடையும் தெரியும். பிறகு 520 எழுத்துள்ள ஏதாவது ஆங்கிலப் பத்தியை ஒரு நாவலைச் சாவியாக வைத்து நீங்களே சங்கேதமாக்கி, விடையை மறைத்துவிட்டு மென்பொருளிடம் கொடுங்கள். தான் செய்த பூட்டையே திறக்காத சாவியை அடுத்தவர் பூட்டில் போட்டுத் திருக வேண்டாம். இந்த வழிக்கு ஒரு வார இறுதி போதும்.

வழி மூன்று: செய்தி இருக்கிறதா என்று முதலில் கேட்பது

கவர்ச்சி குறைந்த வழி. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் பதில் தருவது இது ஒன்றுதான்.

1980ல் அமெரிக்கச் சங்கேத ஆய்வாளர் ஜிம் கில்லோக்லி ஒரு எளிய காரியம் செய்தார். முதல் தாளை, இரண்டாம் தாளின் சாவியான பிரகடனத்தாலேயே அவிழ்த்தார். வந்தது குப்பை, எதிர்பார்த்ததுதான். ஆனால் குப்பைக்கு நடுவில் ஒரு வரிசை:

ஏ, பி, எஃப், டி, ஈ, எஃப், ஜி, எச், ஐ, ஐ, ஜே, கே, எல், எம், எம், என், ஓ, எச், பி, பி.

நீங்களே பார்க்கலாம். அந்த இடத்தின் எண்கள் 147, 436, 195, 320, 37, 122, 113, 6, 140, 8, 120, 305, 42, 58, 461, 44, 106, 301, 13, 408. 37ஆவது சொல் 'ஈக்வல்', 122 'ஃப்ரம்', 113 'கவர்ன்மென்ட்ஸ்', 6 'ஹியூமன்', 140 'இஸ்', 8 'இட்', 120 'ஜஸ்ட்'. அகர வரிசையில் நடக்கிறது. நடுவில் இடறும் எஃப்புக்குரிய எண் 195. பக்கத்து எண்ணான 194ல் சி இருக்கிறது, ஒரு சொல் தவறி எண்ணியிருந்தால் வரிசை சீராகிவிடும். முன்னால் ஏ ஏ பி பி சி சி ஏ சி டி டி ஈ என்று இன்னொரு குட்டி வரிசையும் உண்டு.

வேறொரு நூல் சாவியாக இருந்தால் பிரகடனத்தால் அவிழ்க்கும்போது இப்படி வரிசை வருவதற்குக் காரணமே இல்லை. கில்லோக்லியின் முடிவு: எழுதியவர் செய்தி எதையும் மறைக்கவில்லை, எண்களால் தாளை நிரப்பப் பிரகடனத்திலிருந்து எழுத்துகளைப் பொறுக்கினார், ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் அகர வரிசையிலேயே பொறுக்கிக்கொண்டு போனார். கையெழுத்துப் பழகும் பிள்ளை போல.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. இதற்குப் பத்து வருடம் முன்பு, யூனிவாக் கணினி நிறுவனத்தின் கார்ல் ஹாமர் எண்களைக் கணினியில் சோதித்து, இவை தற்செயலாக எழுதியவை அல்ல என்றார். அதைப் பிடித்துக்கொண்டு, அந்த அகர வரிசை இரண்டாம் அடுக்குச் சங்கேதத்தின் தடயம் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் இரண்டும் முரண்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரகடனத்திலிருந்து பொறுக்கிய எண்களும் தற்செயலானவை அல்லதான். தற்செயல் இல்லை என்பதும் பொருள் உண்டு என்பதும் வெவ்வேறு செய்தி. இந்த ஒரு குழப்பத்திலேயே பலர் வருடங்களை விட்டிருக்கிறார்கள்.

2020ல் விக்டர் வாசே என்ற ஆய்வாளர் வேறொரு கோணத்தில் வந்தார். உண்மையான நூல் சங்கேதத்துக்குப் பத்தின் அடிப்படையில் எண்ணுகிறோமா, ஏழின் அடிப்படையிலா என்பது தெரியவே தெரியாது. சொல் எங்கே இருக்கிறதோ அதுதான் எண். மனிதர் கற்பனையாக எண் எழுதினால் பத்தடிமானத்தின் சாயல் ஏறிவிடும். தீராத தாள்களில் அந்தச் சாயல் இருப்பதாக அவர் காட்டினார்.

இதன் எளிய வடிவத்தை எக்செலிலேயே செய்யலாம். ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும் எண்களை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடிக்கடி வரும் சில எண்கள் கணக்கைக் கவிழ்த்துவிடும். 10க்குக் குறைந்த எண்களை நீக்குங்கள். கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எத்தனை முறை என்று எண்ணி, சமமாக வர வேண்டிய தொகையோடு கை-வர்க்கச் சோதனை (chi-square, வந்ததற்கும் வர வேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கும் புள்ளியியல் கணக்கு) செய்யுங்கள். பத்து இலக்கத்தில் ஒன்றைக் கழித்தால் வரும் ஒன்பது விடுதலைப் படிகளுக்கு எல்லை 16.92, அதைத் தாண்டினால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான வாய்ப்புள்ள சாய்வு. பிறகு அதே எண்களை 7, 9, 11 ஆல் வகுத்து மீதியை வைத்து அதே சோதனை. பத்தில் மட்டும் சாய்ந்து மற்றவற்றில் சாயவில்லை என்றால் மனிதக் கை தெரிகிறது. இரண்டாம் தாளையும் பக்கத்தில் வைத்தே பாருங்கள். சாவி நூலில் பத்துச் சொல்லுக்கு ஒரு குறி போட்டு எண்ணுகிறவர் குறியை ஒட்டிய சொற்களை அதிகம் எடுக்கக்கூடும். உண்மையான செய்தியிலும் பத்தின் சாயல் வரலாம். இரண்டாம் தாளோடு ஒப்பிடாமல் முதல் தாளின் எண்ணை மட்டும் தூக்கிக்காட்டுவது அரைகுறை வேலை.

மூன்றாம் தாளுக்குக் கணினியே வேண்டாம். 618 எழுத்தில் முப்பது பேர், அவர்களின் உறவினர்கள், ஊர்கள். ஆளுக்கு இருபது எழுத்து. 'தாமஸ் பீல்' என்று ஆங்கிலத்தில் எழுதவே பதினொன்று போய்விடும். உறவினர் பெயருக்கும் ஊருக்கும் சேர்த்து மீதி ஒன்பது. பங்கு போய்ச் சேர வேண்டிய பட்டியலாம் இது!

வழி நான்கு: காகிதங்களைத் துருவுவது

லிஞ்ச்பர்க் செய்தித்தாள்கள், நிலப்பதிவுகள், மக்கள்தொகைப் பதிவேடுகள் எல்லாம் ஓரளவு இணையத்தில் கிடைக்கின்றன. மோரிஸ் அங்கே வாழ்ந்த மனிதர்தான். வார்டும் அப்படியே. மூலத் தாள்களும் இரும்புப் பெட்டியும் மட்டும் எவரிடமும் இல்லை. ஆகவே மை, காகிதம், கையெழுத்து என்று சோதிக்க வழியில்லை. மொழியைச் சோதிக்கலாம். ஆய்வாளர் ஜோ நிக்கல் 1982ல் அதைச் செய்தார்: 1822ல் எழுதியதாகச் சொல்லும் கடிதத்தில் கால்நடை மிரண்டோடுவதைக் குறிக்கும் 'ஸ்டாம்பீடிங்' என்ற சொல் வருகிறது, ஆங்கில அச்சில் அது புழக்கத்துக்கு வந்தது பல வருடம் கழித்து. பீலின் நடையும் நூலாசிரியரின் நடையும் ஒரே கையைக் காட்டுகின்றன என்பதும் அவர் முடிவு. வரலாற்று ஆர்வம் உள்ளவருக்கு இந்த வழி நிறைவு தரும். இடம் எங்கே என்ற கேள்விக்கு இது ஒருநாளும் பதில் சொல்லாது.

மண்வெட்டியை ஐந்தாவது வழியாகக் கணக்கில் சேர்க்கவில்லை. பூஃபோர்ட் இன்று மான்ட்வேல். சுற்றிலும் புளூ ரிட்ஜ் மலை. நிலம் ஒன்று தனியாருடையது, அல்லது தேசிய வனம். அனுமதியில்லாமல் தனியார் நிலத்தில் நுழைந்தால் அத்துமீறல்; மத்திய அரசு நிலத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தோண்டினால் 1979ன் சட்டம் பாயும். கையில் பிடிக்கும் சாதாரண உலோகங்காணி ஒரு நாணயத்தை அடிக்கணக்கில் அல்ல, அங்குலக் கணக்கில்தான் பார்க்கும். புதையல் ஆறு அடியில் என்கிறது இரண்டாம் தாள். 'நாலு மைல்' என்பதை எல்லாத் திசையிலும் சுற்றினால் ஐம்பது சதுர மைல்.

எங்கள் தேர்வு

மூன்றாவது வழியில் தொடங்குங்கள். முதல் வாரம் இரண்டாம் தாள். அடுத்த மூன்று வாரம் கில்லோக்லி வரிசை, கடைசி இலக்கம், ஈ-என்-ஆர் எண்ணிக்கை. ஒரு மாதத்தில் முதல் தாளில் செய்தி இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று உங்களுக்கே ஓர் எடை தெரிந்துவிடும். எங்கள் எடை வார்டின் நூலே மொத்தமும் புனைவு என்ற பக்கம் கனமாகச் சாய்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, ஆர்வம் மிஞ்சினால் நான்காவது வழிக்குப் போகலாம்.

நிரல் தெரிந்தவர், இத்தனைக்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், மீதி ஐந்து மாதத்தை முதல் வழிக்குக் கொடுங்கள். நூல்களைக் கண்டபடி இறக்காமல், 1822க்கு முன் வர்ஜீனியா விடுதி அலமாரியில் இருந்திருக்கக்கூடியவை என்று வடிகட்டுங்கள்: விவிலியத்தின் தனி நூல்கள், ஷேக்ஸ்பியர் நாடகங்கள், 4,500 சொல் அளவிலான அமெரிக்க அரசியலமைப்பின் மூல வடிவம், சட்டக் கையேடுகள். ஓட்டிய ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பு, ஆண்டு, தொடக்கச் சொல், எண்ணும் விதி, கிடைத்த உச்ச மதிப்பெண் ஐந்தையும் ஒரு தாளில் பதியுங்கள். இதைச் செய்யாததால்தான் ஒரே நூல்களை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஓட்டிக்கொண்டிருக்கிறது.

ஏதாவது தட்டுப்பட்டால் உடனே முழுதையும் அவிழ்க்காதீர்கள். முதல் 260 எண்களை மட்டும் வைத்து, எங்கே எத்தனை சொல் பிசகு என்ற விதிகளை வகுத்து முடியுங்கள். பிறகு அந்த விதிகளில் ஓர் எழுத்தும் மாற்றாமல், அடுத்த 260ஐ வேறொருவரிடம் கொடுத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். அவர் கையில் வந்தது படிக்கிற மாதிரி இருந்தால், 1885 படப்பிரதியோடு எண்களை இன்னொரு முறை ஒத்துப்பார்த்துவிட்டு, விதித் தாளையும் சாவி நூலின் பதிப்பு விவரத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள்.